அக்காவுக்கும் பொருந்தும்

அக்காவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். தெரியாதவர்கள் அவள் வேலை பார்க்கும் அச்சகத்துக்கு ஒரு நடை போய்வந்தால் போதும். பின்கட்டில், காகிதக் கட்டுகள் கூரை வரை அடுக்கிய அறையில், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்திருப்பாள். பக்கங்களை அழகாக அமைத்து அச்சுக்கு அனுப்புவது அவள் வேலை. "இந்த எழுத்தைக் கொஞ்சம் பெரிசாப் போடலாமே" என்று வந்தவர் வாயெடுத்தால், அக்கா திரும்பிப் பார்ப்பாள். அவ்வளவுதான். வந்தவர் சிறிய எழுத்தே அழகு என்று ஒப்புக்கொண்டு போய்விடுவார்.

தான் செய்தால்தான் ஒரு வேலை சரியாக நடக்கும் என்று பிறந்ததிலிருந்தே நம்புகிறவள் அவள். வீட்டில் துணி மடிப்பது முதல் கதவுத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விடுவது வரை எல்லாவற்றிலும் அவள் கை இருக்கும். அவள் கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர், ஊரில் உயரமான கட்டடங்கள் எல்லாம் அவரை நம்பித்தான் மேலும் கீழும் போகின்றன. அந்த மனிதர் சொந்த வீட்டில் ஒரு ஸ்க்ரூவை முறுக்கினால்கூட அக்கா பின்னாலேயே போய் இன்னொரு முறுக்கு முறுக்கிவிட்டு வருவாள். அவரும் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவார். அந்த வீட்டில் பொறுமை முழுவதும் அவர் பங்குக்கு வந்துவிட்டது.

இப்படிப்பட்டவள்தான் இந்தக் கதையில் வருகிற காரியத்தைச் செய்தாள். அதனால்தான் சொல்ல வந்தேன். சாதுவாகப் பிறந்தவர்கள் செய்திருந்தால் அதில் சொல்ல என்ன இருக்கிறது?

அவளுக்கு ஒரே தம்பி. கல்லூரியில் சேர்ந்த புதிதில் அவனுக்குப் பார்வை போய்விட்டது. கணினித் திரையில் உள்ளதை வாய்விட்டுப் படித்துச் சொல்லும் மென்பொருள்கள் அப்போதே இருந்தன. ஆனால் நம் மொழியை அவை படித்தால், வாயில் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு யாரோ பேசுவது போலிருக்கும். தம்பி ஒரு பக்கம் கேட்பதற்குள் தலைவலி வந்து படுத்துவிடுவான். அக்காவால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? நிரல் எழுதத் தானே கற்றுக்கொண்டாள். விடுமுறை நாட்களில், இயந்திரங்கள் ஓடாத நேரத்தில், அச்சகத்தின் காகித அறைக்குள் உட்கார்ந்து தன் குரலையே பதிவு செய்தாள். சுற்றிலும் காகிதக் கட்டுகள் இருந்ததால் எதிரொலி இல்லை. கடைசியில் ஒரு நாள் கணினி அவள் குரலிலேயே தம்பிக்குச் செய்தித்தாள் படித்தது.

"பேர் என்ன வெக்கலாம்?" என்று கேட்டாள்.

"உன் குரல்ல ஓயாம பேசிக்கிட்டே இருக்கு. வாயாடின்னுதான் வெக்கணும்" என்றான் தம்பி.

அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. வாயாடியை அவள் இலவசமாக இணையத்தில் வைத்தாள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று பார்க்கலாம், திருத்தமும் அனுப்பலாம். ஆட்கள் வந்தார்கள். மருத்துவமனை வேலைக்கு நடுவில் நிரல் எழுதும் ஒரு நர்ஸ், லாரி ஆபீஸில் சரக்கு பதிவு செய்யும் ஒருவர், வங்கியில் தணிக்கைப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் என்று எங்கெங்கிருந்தோ வந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. யாருக்கும் சம்பளமும் கிடையாது. வயதில் மூத்தவர்கள் உட்பட எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பேச்சில் ஓர் அதிகாரம் இருந்ததே, வேறு எப்படிக் கூப்பிடுவது?

யார் என்ன திருத்தம் அனுப்பினாலும் அதை வாயாடிக்குள் சேர்க்கும் உரிமை சிலரிடம் மட்டும் இருந்தது. அந்த உரிமைக்கு அவர்கள் வைத்த பெயர் சாவி. சாவி உள்ளவர் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சாவிப் படம் தெரியும்.

ஆரம்பத்தில் விதி என்று எதுவும் கிடையாது. பிறகுதான் இணையதளத்தைக் கவனித்துக்கொண்டிருந்த ஒருவர் ஏதோ மனத்தாங்கலில் விலகிப் போனார். போகும்போது தளத்தின் கடவுச்சொல்லையும் கையோடு கொண்டுபோய்விட்டார். "நான் கட்டினது, நான் பூட்டறேன்" என்பது அவர் நியாயம். தளம் வாரக்கணக்கில் மூடிக் கிடந்தது. அக்கா ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதித்தாள். குதித்த சூட்டிலேயே உட்கார்ந்து விதிகளை எழுதினாள். திருத்தம் எழுதியவரே அதை உள்ளே சேர்க்கக் கூடாது, இன்னொருவர் படித்துப் பார்த்துச் சேர்க்க வேண்டும். வாயாடி அடியோடு பேசாமல் நின்றுபோனால் மட்டும், யாரையும் கேட்காமல் திறக்க அவசரச் சாவி ஒன்று உண்டு. சாவி வைத்திருப்பவரை யார் வேண்டுமானாலும் பொதுவில் கேள்வி கேட்கலாம், அவரும் பொதுவிலேயே பதில் சொல்ல வேண்டும். எல்லோரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் மூன்று பேர் குழு அந்தப் பதிலைப் பார்த்து, தேவைப்பட்டால் சாவியைத் திரும்ப வாங்கிவிடலாம்.

அன்று இணையக் கூட்டத்தில் வங்கிக்காரர் மெல்லக் கேட்டார். "இதெல்லாம் ஆரம்பிச்சவங்களுக்கும் சேர்த்துத்தானா அக்கா?"

"பின்னே? எனக்கென்ன கொம்பா முளைச்சிருக்கு?" என்றாள் அக்கா. அங்கேயே ஒரு வரியைச் சேர்த்தாள்: நிறுவனருக்கும் பொருந்தும்.

திரை முழுக்கக் கைதட்டல் படங்கள். கைதட்டுவது சுலபம். அந்த வரி ஒரு நாளாவது வேலைக்கு வரும் என்று தட்டியவர்களும் நம்பவில்லை, கைதட்டு வாங்கியவளும் நம்பவில்லை.

வருடங்கள் போயின. பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் எல்லாம் வாயாடி பேசத் தொடங்கியது. அப்படி ஒரு பள்ளியின் கணக்கு வாத்தியார் திட்டத்தில் சேர்ந்தார், குழுவுக்கும் தேர்வானார். வங்கிக்காரரும் லாரி ஆபீஸ்காரரும் மற்ற இரண்டு பேர். ஒரு பரீட்சை சமயத்தில் வாத்தியார் எழுதினார்: கழித்தல் குறியை வாயாடி பல இடங்களில் விழுங்கிவிடுகிறது, பிள்ளைகள் தடுமாறுகிறார்கள், பரீட்சைக்குள் சரிசெய்ய முடியுமா?

அக்கா ஒரே மூச்சில் சரிசெய்துவிட்டாள். படித்துப் பார்க்க வேண்டியவர் நர்ஸம்மா. நர்ஸம்மா எதையும் லேசில் விடமாட்டாள். ஊசி மருந்தின் பெயரைக் குப்பியில் ஒரு தடவை, சீட்டில் ஒரு தடவை பார்க்கிற வழக்கம் அவளுக்கு இங்கேயும் ஒட்டிக்கொண்டது. 'தொலைபேசி எண்ணுக்கு நடுவில் வரும் கோட்டையும் கழித்தல் என்று படித்துவிடாதா?' என்று கேட்டாள். படிக்காது என்று அக்கா பதில் எழுதினாள். 'சரி, நானும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சேர்க்கிறேன். ட்யூட்டி முடியட்டும்' என்றாள் நர்ஸம்மா.

பரீட்சைக்கு இன்னும் நாள் இருந்தது. ஆனால் அக்காவுக்குக் கை அரித்தது. தான் எழுதியது சரி என்று தனக்கே தெரியும்போது இன்னொருத்தி ட்யூட்டி முடிந்து வரும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? மதிய இடைவேளையில் அச்சகம் அடங்கிக் கிடந்தபோது, அவசரச் சாவியைப் போட்டு அவளே திறந்து, அவளே சேர்த்துவிட்டாள்.

எல்லாம் கச்சிதமாக வேலை செய்தது. ஒரு பிசகும் இல்லை. பிள்ளைகள் பரீட்சை எழுதினார்கள், வாத்தியார் உருகி உருகி நன்றி எழுதினார், ஆளாளுக்கு அக்காவைத் தலைமேல் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். நர்ஸம்மா மட்டும், 'நான் இன்னும் பார்த்து முடிக்கவில்லையே அக்கா' என்று ஒரு வரி போட்டிருந்தாள். அக்கா அதற்கு ஒரு சிரிப்புப் படத்தைப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டாள்.

சில நாள் கழித்து மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். தம்பியின் அறை ஜன்னல் பக்கத்தில்தான். தொலைபேசி நிறுவனம் ஒன்றில், வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் வேலை அவனுக்கு. அன்று அவனுக்கு விடுமுறை. அவன் எதைத் தட்டச்சு செய்தாலும் வாயாடி அதைச் சொல்லிக்கொண்டே வரும். ஜன்னல் வழியாக அக்காவின் குரல் அக்காவின் காதிலேயே விழுந்தது.

"அவசரச் சாவியை. எந்த அவசரத்துக்காக. பயன்படுத்தினீர்கள். என்று. அக்கா. பொதுவில். பதில் சொல்ல வேண்டும்."

ஈரத்துணியைத் தோளில் போட்டபடியே உள்ளே போனாள்.

"என்னடா இது?"

"கேட்டுடுச்சா? நானே வந்து சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"வீட்டுக்குள்ளேயே கேட்டிருக்கலாம்ல? இதுக்கு ஊரைக் கூட்டணுமா?"

"வீட்டுக்குள்ள கேட்டா நீ எனக்கு அக்கா. ஒரு அதட்டல் போட்டா நான் அடங்கிடுவேன். அங்க கேட்டாத்தான் நீ சாவி வெச்சிருக்கிறவ."

"என்ன தப்பு நடந்துபோச்சு? பசங்க நல்லாப் பரீட்சை எழுதிட்டு வந்துட்டாங்க."

"தப்பு எதுவும் நடக்கல. அதான் இப்பவே கேக்கறேன். ஏதாவது கெட்டுப்போன பிறகு கேட்டா, கெட்டுப்போனதைப் பத்தித்தான் எல்லாரும் பேசுவாங்க. நீ தனியாத் திறந்ததைப் பத்தி யாரும் பேச மாட்டாங்க."

"யாருக்காகடா இதை ஆரம்பிச்சேன்?"

அதைக் கேட்டிருக்கக் கூடாது. கேட்டதும் அவளுக்கே தெரிந்தது.

"எனக்காகத்தான். அதுக்காக வாயை மூடிக்கணுமா?" என்றான் தம்பி. "காலையில எழுந்ததுலேருந்து எனக்கு எல்லாத்தையும் உன் குரல்தான் படிச்சுச் சொல்லுது. வேலைக் கடிதம், வங்கிக் கணக்கு, மருந்துச் சீட்டு எல்லாம். அது தப்பாப் படிச்சா எனக்குத் தெரியவே தெரியாது. நான் நம்பித்தான் ஆகணும். என்னை மாதிரி எத்தனை பேர் இருக்காங்க? நாங்க கேக்காம வேற யாரு கேப்பாங்கக்கா?"

அக்கா விருட்டென்று கீழே இறங்கிவிட்டாள். அன்று வீட்டில் பாத்திரங்கள் எல்லாம் சத்தம் போட்டே வைக்கப்பட்டன. தம்பியோடு பேச்சு நின்றது. சாப்பாட்டை அவன் முன்னால் வைப்பாள், வாய் திறக்க மாட்டாள். அவனோ மேலே போய், நாள் முழுக்க அவள் குரலையே கேட்டுக்கொண்டிருப்பான்.

கணவர் ஒரு நாள் மெல்லக் கேட்டார். "குழு உன் சாவியைக் கேட்டா என்ன பண்ணுவே?"

"கேக்கட்டும் பாக்கலாம்."

"நீ குடுக்கலைன்னா?"

அக்கா நிமிர்ந்தாள். அதுவரை அப்படி யோசிக்கவில்லை. வாயாடி இருக்கிற இடம் முழுவதும் அவள் பெயரில்தான் இருந்தது. அவளாகக் கழற்றினால் ஒழிய அவள் சாவியை யாராலும் கழற்ற முடியாது. அவள் நினைத்தால் அந்தக் குழுவையே ஒரு சொடுக்கில் இல்லாமல் செய்துவிடலாம். விதி எழுதிய அன்று இதை யாரும் கவனிக்கவில்லை. எழுதியவளே கவனிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

"யாரும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள். சொன்னபோது அது அவளுக்குச் சந்தோஷமாக இல்லை.

குழு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இணையத்தில் கூடியது. எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்க, அக்கா பதில் சொன்னாள். பிள்ளைகளின் பரீட்சை, கழித்தல் குறி, தன் அனுபவம் என்று விரிவாகவே சொன்னாள். லாரி ஆபீஸ்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"வாயாடி அன்னிக்குப் பேசாம நின்னுபோச்சா அக்கா?"

"இல்லை."

"நர்ஸம்மா முடியாதுன்னு சொன்னாங்களா?"

"இல்லை. பாத்துட்டுச் சேக்கறேன்னாங்க."

"அவ்வளவுதாங்க, எனக்கு வேற கேள்வி இல்லை."

முடிவு எடுக்கும்போது அவள் அங்கே இருக்கக் கூடாது என்பதும் அவளே எழுதிய விதிதான். வெளியே வந்து, காலையில் கழுவிய டம்ளர்களையே இன்னொரு தடவை கழுவினாள்.

திரும்பி வந்தபோது முடிவு பொதுவில் இருந்தது. திருத்தம் நல்ல திருத்தம், அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அவசரம் என்று எதுவும் இருக்கவில்லை. ஆகவே அவசரச் சாவி, சாதாரணச் சாவி இரண்டையும் அடுத்த பொதுக்கூட்டம் வரை அக்கா ஒப்படைக்க வேண்டும். மூன்று பேரும் ஒரே மனதாக எடுத்த முடிவு. கடைசியில் ஒரு வரி: எடுக்கும் வழி உங்களிடம் மட்டுமே இருக்கிறது அக்கா, நீங்களே எடுத்துவிடுங்கள்.

மூன்று பேரும் என்றால் கணக்கு வாத்தியாரும் சேர்த்தி. உருகி உருகி நன்றி எழுதிய அதே மனிதர்! அக்காவுக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. இவர்களுக்காகவா இத்தனை வருடம்? விடுமுறை என்று ஒன்றை அனுபவித்திருப்பாளா? தொண்டை கட்டக் கட்டப் பேசிப் பதிவு செய்த குரல் அது. நான் கட்டினது என்று மனசுக்குள் சொன்னவள், அந்த இடத்திலேயே நின்றுவிட்டாள். இந்த வார்த்தையை இதற்கு முன்னால் சொன்னவர் யார் என்று நினைவு வந்துவிட்டது. கடவுச்சொல்லோடு போனவரை அவள் என்னென்னவோ திட்டியிருந்தாள். எல்லாம் இப்போது தன் தலையிலேயே வந்து விழுந்தன.

முடிவை மறுபடி படித்தாள். அச்சகக்காரி இல்லையா, இந்தத் தடவை பிழை தேடுகிற கண்ணோடு படித்தாள். பிழை இல்லை. ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. யாரும் அவளைக் குத்தவில்லை, குழையவும் இல்லை. ஒரு காற்புள்ளியை மாற்றுவதற்குக்கூட, "மாத்தலாமா அக்கா? தப்பா நினைச்சுக்காதீங்க அக்கா" என்று பத்துத் தடவை கேட்ட ஆட்கள் இவர்கள். அவர்கள்தான் இன்று நேராக நின்று, எடுத்துவிடுங்கள் என்கிறார்கள். கொடுக்காவிட்டால் தங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று தெரிந்தே சொல்கிறார்கள். இந்தத் தைரியம் இவர்களுக்கு எப்போது வந்தது? அதைக் கொடுத்தது யார்?

கோபம் அப்படியே இருந்தது, போகவில்லை. ஆனால் அதற்கு அடியிலிருந்து ஒரு பெருமையும் கிளம்பி வந்தது. வாயாடி முதன்முதலாகப் பேசியபோதுகூட அவளுக்கு இத்தனை பெருமை வரவில்லை. அது அவள் பேசவைத்த குரல். இவர்கள் தங்கள் சொந்தக் குரலில் பேசினார்கள்.

உறுதியாகத்தான் சொல்கிறீர்களா என்று திரை கேட்டது. ஆம் என்று அழுத்தினாள். அவள் பெயருக்குப் பக்கத்திலிருந்த சாவிப் படம் மறைந்தது. முடிவின் கீழே எழுதினாள்: 'எடுத்துவிட்டேன். ஒரு கேள்வி எனக்கும் இருக்கிறது. நான் மனசு வைத்ததால்தான் இது நடந்தது. நாளைக்கு நான் மனசு வைக்காவிட்டால்? எல்லாவற்றையும் என் பெயரிலிருந்து குழுவின் பெயருக்கு மாற்றுங்கள். சீக்கிரம் செய்யுங்கள், எனக்குக் கோபம் திரும்ப வருவதற்குள்.'

வங்கிக்காரர் கோபம் வரும் வரை காத்திருக்கவில்லை. அன்றைக்கே அவளிடம் ஒப்புதல் வாங்கி, எல்லாவற்றையும் குழுவின் பெயருக்கு மாற்றிவிட்டார்.

மாடிக்குப் போனாள். முடிவையும் அவள் பதிலையும் வாயாடி படிக்க, தம்பி ஏற்கெனவே கேட்டுவிட்டிருந்தான். அவள் வந்த காலடி கேட்டு எழுந்து நின்றான்.

"கோபமாக்கா?"

"ஆமா, கோபம்தான். உன்னைக் கொஞ்சவா முடியும்?" என்றாள். பிறகு அவன் தலையில் கைவைத்து ஒரு ஆட்டு ஆட்டினாள். "நீ கேட்டது சரிதான்டா. இதையும் பொதுவுல எழுதணும்னு கேட்டுடாதே."

"எழுத வேண்டாம். இன்னொரு தடவை சொன்னாப் போதும்."

"போடா."

நர்ஸம்மாவுக்குத் தனியாக எழுதி வருத்தம் தெரிவித்தாள். 'நானும் ஓட்டிப் பார்த்தேன் அக்கா. நீங்கள் சொன்னது சரிதான், தொலைபேசி எண்ணைக் கெடுக்கவில்லை' என்று பதில் வந்தது. திருத்தம் உள்ளே போன பிறகும் அவள் பார்த்து முடித்திருக்கிறாள். அவள் அப்படித்தான்.

அதன் பிறகு அக்கா ஒரு சின்னத் திருத்தம் அனுப்பினாள். பெரிய விஷயம் ஒன்றுமில்லை, அடைப்புக்குறிக்குள் இருப்பதைப் படிக்கும்போது குரல் கொஞ்சம் தாழ வேண்டும், அவ்வளவுதான். அனுப்பிவிட்டு, எல்லோரையும் போல வரிசையில் காத்திருந்தாள். காத்திருப்பது அவளுக்குச் சுத்தமாக வரவில்லை. இயந்திரம் தடதடவென்று மேசையை ஆட்டிக்கொண்டிருக்க, வேலைக்கு நடுவே எட்டி எட்டிப் பார்த்தாள்.

பதில் வந்தது. எழுதியவர் யாரென்று தெரியவில்லை. அவர் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். எங்கோ ஒரு ஊரில் தையல் கடை வைத்திருப்பவர், சமீபத்தில்தான் சாவி வாங்கியிருந்தார். எல்லோரும் அக்கா என்றே கூப்பிடுவதால் அவள் சொந்தப் பெயர் புதியவர்களுக்குத் தெரியாது. பெயருக்குப் பக்கத்தில் இப்போது சாவிப் படமும் இல்லாததால், அவள் யாரென்று அவருக்குத் தெரிய வழியில்லை.

'வணக்கம்' என்று எழுதியிருந்தார் தையல்காரர். 'உங்களுடைய முதல் திருத்தம் என்று நினைக்கிறேன். நல்லா வந்திருக்கு, பயப்படாதீங்க. மூணாவது வரியை ஏன் மாத்தினீங்கன்னு மட்டும் எழுதிட்டா, பாத்துட்டு நானே சேத்துடறேன். கோவிச்சுக்க வேண்டாம், இங்க எல்லாருக்கும் இதே முறைதான்.'

அக்கா சிரித்த சிரிப்பில் அச்சக முதலாளியே பின்கட்டுக்கு எட்டிப் பார்த்தார். "என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்லைங்க" என்றாள். கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. "நான் ஆரம்பிச்ச இடத்துல என்னை யாருன்னே தெரியாம ஒருத்தர் கேள்வி கேக்கறாரு."

"அதுக்கா இவ்வளவு சந்தோஷம்?"

"இதுக்குத்தாங்க."

நெற்றியில் இருந்த கண்ணாடியைக் கீழே இறக்கினாள். நிமிர்ந்து உட்கார்ந்து, மூன்றாவது வரியை ஏன் மாற்றினாள் என்று தையல்காரருக்கு எழுதத் தொடங்கினாள்.